இரண்டு கணக்குகள்
(நூற்றாண்டு விழாவில், கடல் கடந்து வாழும் பழைய மாணவிகள் சார்பில் மூவர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். எம்மில் ஒருவர் கனடாவிலும், ஒருவர் இங்கிலாந்திலும், ஒருவர் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறோம். வெளிநாட்டில் எம் பெண்கள் அடைந்த உயர்வுகளைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். அந்த உயர்வுகளை இம்மலரின் வேறு பக்கங்களில் நீங்கள் வாசிப்பீர்கள். நாங்கள் வேறொன்றைத் தெரிந்தெடுத்தோம். சொறிக்கல்முனையிலிருந்தும், கல்முனை, நாவிதன்வெளி, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கங்களிலிருந்தும் போன எம் தோழிகள் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தால், சுகம் விசாரித்து முடிந்த கையோடு அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எனக்கு நிரந்தர வதிவிடம் இருக்கிறது. இன்னும் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. இடையில் வெளிநாட்டில் வேலைக்குப் போகலாமா? எவ்வளவு காலம் போகலாம்?"

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. ரொறன்ரோவில் இறங்கிய பொறியியலாளர் தன் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், மனைவி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மீண்டும் கட்டாருக்கோ துபாய்க்கோ போகிறார். மெல்பேர்ணில் குடியேறிய கணக்காளர் ஒருத்திக்குச் சிங்கப்பூரில் நல்ல சம்பளத்தில் வேலை வருகிறது. லண்டனில் தாதியாக இருப்பவளுக்கு ஊரிலிருந்து செய்தி வருகிறது: "அம்மாவுக்குக் கடுமை, உடனே வா மகள்." அவள் வந்தால் இரண்டு கிழமையில் திரும்ப முடிகிறதா? எட்டு மாதம் ஆகிவிடுகிறது. வேலைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள் என்றாலும், நோயாளியைப் பார்க்க வருவதும், பிள்ளைகளோடு குளிரில் தனியே இருந்து நாட்களைக் காப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே இந்தக் கணக்கைப் பெண்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிரந்தர வதிவிடம் என்ற பெயரில் 'நிரந்தரம்' என்ற சொல் இருக்கிறது. அதை நம்பித்தான் பலரும் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அது நாம் அந்த நாட்டில் வாழ்ந்தால் நிற்கும், வாழாவிட்டால் போகக்கூடிய ஓர் அனுமதி. பிரஜாவுரிமை அப்படிப் போவதில்லை. வதிவிடத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரஜாவுரிமையைச் சம்பாதிப்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதால் வரும் நட்டம் பெரிது. நாங்கள் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு விஷயம்தான். மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

கனடாவை எடுத்துக்கொள்வோம். வதிவிடத்தைக் காப்பாற்ற, எந்த 5 ஆண்டுகளை எடுத்தாலும் அதற்குள் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். 5 ஆண்டு என்பது ஏறத்தாழ 1,825 நாள். அதில் 1,095 போனால் மிஞ்சுவது 730. ஆக, 730 நாள் உள்ளே இருந்தால் வதிவிடம் நிற்கும். 730 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் பிரஜாவுரிமை தள்ளிப்போகும். ஒரே எண் இரண்டு கணக்கிலும் வருவதால்தான் எம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். அக்கா, தங்கச்சி இருவர் 2021 ஜனவரி 1ஆம் திகதி நிரந்தர வதிவிடத்தோடு ரொறன்ரோவில் இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா எங்கும் போகவில்லை. 2023 முடிவில் அவளுக்கு 1,095 நாட்கள் நிறைந்துவிடும். 2024 தொடங்கும்போது விண்ணப்பிக்கலாம். தங்கச்சி 2021, 2022 இரண்டு ஆண்டும் கனடாவில் இருந்துவிட்டு, 2023இலிருந்து 2025 முடியும்வரை தோஹாவில் வேலை செய்கிறாள். 2025 முடிவில் அவளிடம் சரியாக 730 நாட்கள் இருக்கின்றன. வதிவிடம் தப்பிவிட்டது. "இன்னும் ஒரு வருடம் இருந்தால் 1,095 ஆகிவிடும்" என்று அவள் நினைக்கிறாள். கூட்டிப் பார்த்தால் சரிபோலத்தான் தெரியும்.

ஆனால் 5 ஆண்டு என்ற அந்தச் சட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாம் நகர நகர அதுவும் நகர்கிறது. 2026இல் அவள் கனடாவில் கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும், 2021இல் கழித்த ஒரு நாள் பின்னால் உதிர்ந்து போகிறது. அடியில் ஓட்டையுள்ள வாளியில் தண்ணீர் அள்ளுவது போல, 2026 முடிவிலும் அவளிடம் 730 நாள்தான். 2027இல் 2022ஆம் ஆண்டு உதிர்கிறது; அந்த ஆண்டு முடிவிலும் 730. 2028இல் அவள் கனடாவில் இல்லாத நாட்கள் உதிரத் தொடங்கும்போதுதான் கூட்டுத்தொகை ஏறுகிறது. அவளுக்கு 1,095 நிறைவது 2028 டிசெம்பர் கடைசியில். மூன்று ஆண்டு வெளியே போனதற்கு அவள் கொடுத்த விலை ஐந்து ஆண்டு. தோஹா வேலை அந்த விலைக்குத் தகுமா என்பது அவளுடைய முடிவு. தகும் என்றும் இருக்கலாம். ஊரில் கடன் இருந்திருக்கலாம், தம்பியின் படிப்பு இருந்திருக்கலாம். விலையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வெளியில் இருந்த நாட்களையும் கனடாவில் இருந்ததாகக் கணக்கிடும் விதிவிலக்குகள் சில இருக்கின்றன. கனடியப் பிரஜையான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும், கனடிய நிறுவனம் ஒன்று தன் முழுநேர ஊழியராக வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும் வதிவிடக் கணக்கில் சேரும். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மனைவி கனடாவில் பிரஜையாக இருக்க, கணவன் தனியே துபாயில் இருந்தால், அது 'சேர்ந்து வாழ்ந்த' நாளாகாது. இரண்டாவது, இந்த நாட்கள் வதிவிடத்தைக் காப்பாற்றுமே தவிர, 1,095 என்ற கணக்கில் சாதாரணமாகச் சேர மாட்டா. அரசாங்க சேவையிலும் படையிலும் வெளிநாடு அனுப்பப்படுபவர்களுக்கும் அவர்களது குடும்பத்துக்குமான சலுகை எங்களில் மிகச் சிலருக்கே பொருந்தும்.

பீ.ஆர். கார்ட் காலாவதியானால் எல்லாம் போய்விட்டது என்று பயந்து அழுகிறவர்களும் இருக்கிறார்கள். அட்டை வேறு, உரிமை வேறு. அட்டை காலாவதியாகி வெளிநாட்டில் நின்றால், திரும்பி வருவதற்கான பயணப் பத்திரத்துக்குக் கனடியத் தூதரக வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் போதவில்லை என்று மறுத்தால், எழுத்துமூலத் தீர்ப்புக் கிடைத்து 60 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். தாயின் நோய், பிள்ளையின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களை அங்கே முன்வைக்க முடியும். வைத்தியசாலைத் துண்டுகளை, கிளினிக் கொப்பியை, மரணச் சான்றிதழை எறிந்துவிடாதீர்கள். ஒருநாள் அவைதான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்து ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எம்மவர்களில் பலர் 1983க்குப் பிறகும் 1990க்குப் பிறகும் அகதிகளாகப் போனவர்கள். இப்போதும் அந்த வழியில் நிரந்தர வதிவிடம் பெறுகிறவர்கள் உண்டு. கனடாவில் 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி, அகதிப் பாதுகாப்பு மூலம் வதிவிடம் பெற்ற ஒருவர் தன் சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தானாக நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதைக் காட்டி ஊருக்கு வந்து போவதும் அதற்குச் சான்றாக எடுக்கப்படுகின்றன. அதே கடவுச்சீட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதும் கேள்விக்குள்ளாகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு 730, 1,095 இரண்டும் சரியாக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. பிரஜாவுரிமை கைக்கு வந்த பின் இந்த ஆபத்து இல்லை. ஆகவே அகதி வழியில் போன தோழிகள், திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஊர் வர ஆசைப்பட்டாலும், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் விமானச் சீட்டு வாங்க வேண்டாம். பிரஜையான பிறகு வாருங்கள். திருவிழா ஒவ்வொரு செப்டெம்பரிலும் வரும்.

இங்கிலாந்துக் கணக்கு வேறு மாதிரி. அங்கே வதிவிட உரிமை பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்றால் அது இல்லாமல் போய்விடும். ஐரோப்பியக் குடும்ப வழியில் குடியமர்வு நிலை பெற்றவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு. பிரஜாவுரிமைக்குச் சாதாரணமாக 5 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டில் வெளியே நின்ற நாட்கள் 450ஐத் தாண்டக்கூடாது. கடைசி 12 மாதத்தில் 90ஐத் தாண்டக்கூடாது. பிரித்தானியப் பிரஜையை மணந்தவருக்கு 3 ஆண்டும் 270 நாளும். கடைசி ஆண்டுக்கு அதே 90. இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்த 5 அல்லது 3 ஆண்டு தொடங்கிய முதல் நாளன்று நாம் இங்கிலாந்துக்குள் இருந்திருக்க வேண்டும். நாட்கள் எல்லாம் சரியாக இருந்தும், அந்த ஒரு நாள் ஊரில் நின்றதால் விண்ணப்பம் திரும்பி வரலாம். ஆகவே விண்ணப்பத் திகதியைத் தெரிவு செய்யும்போது முன்னால் பார்ப்பது போலப் பின்னாலும் பாருங்கள்.

ஒரு தாதி, வதிவிட உரிமை கிடைத்த கையோடு 14 மாத ஒப்பந்தத்தில் துபாய் போகிறாள் என்று கொள்வோம். இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிட்டதால் வதிவிடம் நிற்கிறது. ஆனால் அவள் வெளியே நின்ற நாட்கள் ஏறத்தாழ 425. மிஞ்சியிருப்பது 25 நாள். ஐந்து ஆண்டுக்குள் தங்கையின் கலியாணத்துக்கு ஒரு மாதம் வந்து போயிருந்தாலே கணக்குத் தாண்டிவிடும். 450க்கு மேல் போனாலும் சிலவேளை அதிகாரிகள் விட்டுக்கொடுப்பார்கள். அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் பிரஜாவுரிமைக்கு 4 ஆண்டு சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். அதில் கடைசி 12 மாதமாவது நிரந்தர வதிவிடத்தோடு. அந்த 4 ஆண்டில் மொத்தம் 12 மாதத்துக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேலும் வெளியே நிற்கக்கூடாது. அங்கே நிரந்தர விசாவோடு வரும் பயண அனுமதி சாதாரணமாக 5 ஆண்டுக்குத்தான். அது முடிந்த பின் நாட்டுக்குள்ளேயே இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியே போனால் திரும்பி வர 'மீள்வருகை விசா' வேண்டும். முந்திய 5 ஆண்டில் 2 ஆண்டு உள்ளே இருந்தவருக்கு அது இலகுவாகக் கிடைக்கும். இல்லாதவர் அந்த நாட்டோடு தனக்குள்ள பிணைப்பை நிரூபிக்க வேண்டிவரும்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் தோழிகளுக்கு ஒரு சொல். அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் அது எம்மவர்க்குச் சாதாரணமாகப் பிரஜாவுரிமையாக மாறுவதில்லை. கனடாவிலோ இங்கிலாந்திலோ வதிவிடம் வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்தால், உழைப்பு ஒரு நாட்டில், காத்திருப்பு இன்னொரு நாட்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை.

நாட்களை எண்ணி ஒருவரின் உரிமையைத் தீர்மானிப்பதை நாம் வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்கத் தேவையில்லை. எமது நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது. திருமணமானவர் 7 ஆண்டும் திருமணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்த நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது அந்த வாசலின் படி. தாயைப் பார்க்க, பிள்ளை பெற, கலியாணம் முடிக்க இந்தியா போய் 12 மாதத்துக்கு மேல் நின்றவர்களின் கணக்கு உடைந்தது. தேயிலைக் கொழுந்து பறித்த பெண்ணிடம் பத்து ஆண்டுக்கான காகிதம் எங்கிருந்து வரும்? 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று இரு நாடுகளும் பங்கு பிரித்தன. கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அவிழ்ந்தது. காகிதம் இல்லாதவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிவரும் என்பதற்கு எம் மலையகச் சகோதரிகளின் பாட்டிமார் சாட்சி.

அதனால் எங்கள் முதல் ஆலோசனை மிகச் சாதாரணமானது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அந்த நாட்டில் இறங்கிய நாளே அதில் முதல் வரியை எழுதுங்கள். வெளியே போன திகதி, திரும்பி வந்த திகதி, போன நாடு, போன காரணம் என நான்கு நிரல் போதும். எமது வகுப்பாசிரியைகள் வரவு இடாப்பை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார்கள்! அதே ஒழுங்கு. பழைய கடவுச்சீட்டுகளை வைத்திருங்கள். சம்பளத் துண்டு, வாடகைப் பத்திரம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றை ஆண்டு வாரியாகக் கட்டி வையுங்கள். கனடாவில் வரிப் பத்திரம் தாக்கல் செய்ததும் பார்க்கப்படும். போகும் நாளும் வரும் நாளும் கனடாவில் உள்ளே இருந்த நாட்களாகவே எண்ணப்படும். இங்கிலாந்திலும் அந்த இரண்டு நாளும் வெளியே நின்றதாகக் கொள்ளப்படுவதில்லை. கடவுச்சீட்டில் முத்திரை விழவில்லை என்று தேதியைக் கூட்டிக் குறைத்து எழுதாதீர்கள். நாம் விமானம் ஏறி வெளியேறுவது இன்று எல்லை அதிகாரிகளின் கணினியில் பதிவாகிறது. பொய்க் கணக்கால் பெற்ற பிரஜாவுரிமை பின்னர் பறிக்கப்படவும் கூடும். மொத்தத்தை விளிம்பில் வைக்காமல் சில கிழமைகள் கூடுதலாக வைத்து விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது ஆலோசனை, ஒரே வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் நாட்களை இழக்காதீர்கள். கணவன் வெளியே போகத்தான் வேண்டும் என்றால், மனைவி முதலில் பிரஜையாகட்டும். அவளோடு 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கனடாவில் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு அந்த 1,095 நாள் தேவையில்லை. வீட்டில் ஒருவர் உறுதியாக நின்றால் மற்றவருக்கு வழி இலகுவாகும். ஆனால் அவள் தனியே அந்தப் பாரத்தைச் சுமக்கும் நான்கு ஐந்து ஆண்டை, "சும்மா வீட்டில் இருந்தாள்" என்று யாரும் சொல்லக்கூடாது. அவள் இருந்த ஒவ்வொரு நாளும் குடும்பத்தின் கணக்கில் விழுந்த காசு.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. தாய் தகப்பன் இருவரும் இன்னும் நிரந்தர வதிவிடத்திலேயே இருக்கும்போது பிள்ளை தோஹாவிலோ கல்முனையிலோ பிறந்தால், அது கனடியப் பிரஜையாகவோ பிரித்தானியப் பிரஜையாகவோ பிறப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறாக விண்ணப்பித்து எடுக்க வேண்டும். தாய்வீட்டில் பிள்ளை பெறுவது எம் வழக்கம். அதில் உள்ள சுகம் வேறெங்கும் வராது. இருந்தாலும் வரும்முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, விதிகள் மாறும். கனடா 2015 ஜூனில் 6 ஆண்டில் 4 ஆண்டு என்று இறுக்கியது. 2017 ஒக்டோபரில் 5 ஆண்டில் 3 ஆண்டு என்று தளர்த்தியது. இங்கிலாந்து 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், குடியமர்வுக்கான பொதுக் காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்க முன்மொழிந்தது. தகுதி வந்தவுடன் விண்ணப்பியுங்கள். "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விட்டால் அடுத்த வருடம் வேறு சட்டம் இருக்கலாம். மாரியில் கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயத் தொடங்கினால் கல்முனைக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது எமக்குத் தெரியும். தண்ணீர் ஏறுமுன் கடப்பவர்கள் நாம்.

பரீட்சையை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கும் சொல்கிறோம். கனடாவில் 20 கேள்வியில் 15, இங்கிலாந்தில் 24இல் 18 சரியாக இருந்தால் போதும். அவுஸ்திரேலியாவில் 20இல் 15. அதில் விழுமியங்கள் பற்றிய 5 கேள்வியும் முழுவதும் சரியாக இருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் படித்து எழுதியவர்கள் இந்தப் புத்தகத்துக்குப் பயப்படலாமா?

கடைசியாக, எமது சொந்தப் பிரஜாவுரிமை. வெளிநாட்டில் சத்தியப்பிரமாணம் செய்யும் நாளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். அன்றோடு, வேறு ஏற்பாடு செய்திராவிட்டால், இலங்கைச் சட்டப்படி எமது இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி செய்தது. புதிய பிரஜாவுரிமை எடுக்குமுன் இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். எடுத்த பின் மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அதைப் பார்க்கிறது. 2011இல் இடைநிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த விஷயத்திலும் பிந்தாதீர்கள்.

இது எம் பக்கத்துப் பெண்களுக்கு வெறும் உணர்ச்சி சார்ந்த விஷயம் அல்ல. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினருக்கும் பொதுவான வழக்கம். அம்மாவின் வீடு மகளுக்கு. அவளுடைய வீடு அவள் மகளுக்கு. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகள் இங்கே புதிதாகக் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. வாரிசாகவும், நெருங்கிய உறவிடமிருந்து நன்கொடையாகவும் வருவதற்கும் இரட்டைப் பிரஜைகளுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. சீதன வீட்டின் உறுதியை எழுதுமுன், மகள் எந்த நாட்டுப் பிரஜை என்பதை நொத்தாரிசிடம் சொல்லுங்கள். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால் முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2003ஆம் ஆண்டுவரை, திருமணமான இலங்கைப் பெண் ஒருத்தி வெளிநாட்டுக்காரரை மணந்தால், அவளால் தன் பிள்ளைக்குத் தன் பிரஜாவுரிமையைக் கொடுக்க முடியாது; அது தகப்பன் வழியே வந்தது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. தாய்வழி வீடு வளவு போகும் எம் ஊரில், தாய்வழிப் பிரஜாவுரிமைக்கு 55 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த உரிமையை வீணாக்காதீர்கள். வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் ஓராண்டுக்குள் எமது தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருக்கும்போது பிறந்த பிள்ளைக்குத்தான் அதைக் கொடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அன்புத் தோழிகளே, இவ்வளவு எண்களை ஒரு நூற்றாண்டு விழாவில் சொல்லியதற்கு எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நோயில் கிடக்கும் தாயைப் பார்க்க வருவதா, இத்தனை வருடம் சேர்த்த நாட்களைக் காப்பதா என்று ஒரு பெண் நள்ளிரவில் தனியே இருந்து முடிவெடுக்க வேண்டிய நிலை வருகிறது. எந்தச் சட்டமும் அந்த வலியைக் குறைக்காது. ஆனால் தன்னிடம் எத்தனை நாள் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவள், "60 நாள் இருக்கிறது, நான் வருகிறேன் அம்மா" என்று சொல்லலாம். தெரியாதவள் பயத்தில் வராமல் இருந்துவிடுகிறாள். அல்லது வந்து எல்லாவற்றையும் இழக்கிறாள். அந்தக் கொப்பியின் பயன் அவ்வளவுதான், அது சிறிய பயனும் அல்ல.

இம்மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் தோஹாவிலும் இருந்து வாசிக்கப்போகும் தோழிகளே, இன்று மாலை உங்கள் பழைய கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்து எண்ணிப் பாருங்கள். எமது சங்கம் கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு நாட்டிலும் எம்மில் ஒருவர் புதிதாக வரும் தங்கச்சிமாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சந்தேகமான இடத்தில் அந்தந்த நாட்டுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். முகவர் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோரையும் நம்பாதீர்கள்.

எமக்கு எண் கற்பித்த இந்தப் பாடசாலைக்கு எங்கள் நன்றி. நூறு ஆண்டு கண்ட எமது தாய் இன்னும் பல நூறு ஆண்டுகள் வாழ வேண்டும்.